ஒரு ரேடியேட்டர் மூடியும் டைரக்டர் அம்போன்சாவும்

அத்தியாயம் 14

அபொன்டெம் கிராமத்து ஏற்றத்தில் டைரக்டர் அம்போன்சாவின் பழைய ஜீப் கொதித்து நின்றதும், கிளம்பிய நீராவியில் அவருடைய மூக்குக்கண்ணாடி மங்கியதும், அந்த நிலையிலும் சுற்றி நின்றவர்களுக்கு அவர் ஒரு சிற்றுரை ஆற்றியதும் சென்ற வாரக் கதை.

டைரக்டர் என்று நாமும் மரியாதைக்குச் சொல்லிவைப்போம். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் அவர் உதவி டைரக்டராகத்தான் ஓய்வு பெற்றார். 'உதவி' என்ற சொல் மாலை போட்டு வழியனுப்பிய அன்றே உதிர்ந்துவிட்டது. அதை யாரும் பொறுக்கி எடுத்து ஒட்டவில்லை.

வீட்டில் நிலவரம் இது. மருமகள் பிராகோவுக்கு நிறைமாதம். முதல் குழந்தை ஆபரேஷனில் பிறந்து பதினெட்டு மாதம்கூட ஆகவில்லை. இதுவும் ஆபரேஷன்தான், வலி எடுக்கும் முன்பே செய்துவிட வேண்டும், விட்டால் பழைய தையல் தாங்காது என்று குமாசி நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமைக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். மகன் தர்க்வா பக்கம் தங்கச் சுரங்கத்தில் பூமிக்கு அடியில் இருந்தான். மகள் போகுவா ஊர்ச் சுகாதார நிலையத்தில் பிரசவ நர்ஸ். அவளால் பிரசவம் பார்க்க முடியும், வயிற்றைத் திறக்க முடியாது.

மழைக்காலத்தில் அபொன்டெம் செம்மண் சாலையைத் தாண்டக்கூடிய வண்டிகள், ஆம்புலன்ஸை விட்டால், இரண்டே. ஒன்று வெள்ளிக்கிழமைகளில் வரும் கொக்கோ லாரி. மற்றது டைரக்டரின் ஜீப்.

ஆகவே வெள்ளிக்கிழமை விடிந்ததும் டைரக்டர் தன் சாம்பல் நிற சஃபாரி சூட்டைப் போட்டுக்கொண்டு, பின்சீட்டில் நான்கு கேன் தண்ணீரோடு குமாசிக்குப் புறப்பட்டார். யாரிடம் போக வேண்டும் என்று போகுவா சொல்லியனுப்பினாள். சுவாமே மேகசினில் வேப்பமரத்தடியில் அடோப்ரா என்று ஒரு ஃபிட்டர். சுகாதார நிலையத்தின் மோட்டார் சைக்கிளை அவர்தான் பார்க்கிறார்.

"ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்லன்னு சொல்ற ஆளுப்பா அவரு," என்றாள்.

டைரக்டருக்கு அதுவே சற்று நெருடலாக இருந்தது.

மேகசின் என்பது ஆயிரக்கணக்கான பட்டறைகளும், எண்ணெயில் கறுத்த மண்ணும், செத்த வண்டிகளின் மலைகளும் சேர்ந்த ஒரு தனி நாடு. அங்கே உங்கள் வண்டிக்கு என்ன நோய் என்று பத்துப் பேரைக் கேட்டால் பதினோரு பதில் வரும். நல்ல ஃபிட்டரின் பெயரை மக்கள் நல்ல டாக்டரின் பெயரைப்போலக் காதோடு காதாகத்தான் சொல்வார்கள்.

அடோப்ரா வண்டி ஆறும்வரை காத்திருந்தார். பிறகு ரேடியேட்டர் மூடியைத் திருகி எடுத்து, அதன் அடியிலிருந்த ரப்பர் வளையத்தைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினார். அது காய்ந்த ரொட்டிபோல் உதிர்ந்தது.

"மூடி போயிடுச்சு டாடி. ரப்பர் செத்துப்போச்சு, அழுத்தம் நிக்கல. அதான் தண்ணி கொதிச்சு வெளிய வருது. வேற மூடி போட்டா மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடலாம்." வயதில் பெரியவர் எல்லோரும் மேகசினில் 'டாடி'தான்.

டைரக்டர் அந்த மூடியைப் பார்த்தார். அது அவருடைய உள்ளங்கையைக்கூட நிறைக்கவில்லை. நாற்பது கிலோமீட்டர் தூரம், நான்கு கேன் தண்ணீர், அத்தனை நீராவி. இவ்வளவு பெரிய மனிதரின் இவ்வளவு பெரிய கஷ்டத்துக்கு இவ்வளவு சிறிய காரணமா? முப்பத்தெட்டு வருட உத்தியோகத்தில் எந்தப் பள்ளிக்கு ஆய்வுக்குப் போனாலும் அவர் பெரிய குற்றம் ஒன்றைக் கண்டுபிடிக்காமல் திரும்பியதில்லை. கண்டுபிடிக்காவிட்டால் அது ஆய்வே இல்லை என்பது அவர் கட்சி.

"நீ எதுவரைக்கும் படிச்சிருக்கே?" என்று கேட்டார்.

மூன்றாம் வகுப்பு என்றார் அடோப்ரா. அதற்குப் பிறகு இந்த மரத்தடிதான் என்றும் சொன்னார். மறைக்க வேண்டிய விஷயமாக அவருக்கு அது தோன்றவில்லை.

டைரக்டர் மூடியைப் பிடுங்கித் திருகி, நன்றி சொல்லாமல் வண்டியைக் கிளப்பினார். இரண்டு தெரு தள்ளி அவர் தேடியது கிடைத்தது. 'வாக்குத்தத்தம் கம்ப்யூட்டர் ஆட்டோ மருத்துவமனை' என்று நீலப் பலகை. அதன் அதிபர் எஞ்சினியர் டாக்டர் ஃப்ரிம்போங் வெள்ளைக் கோட்டு அணிந்திருந்தார். எஞ்சினியர் பட்டம் எங்கே வாங்கியது, டாக்டர் பட்டம் யார் கொடுத்தது என்றெல்லாம் கேட்க டைரக்டருக்குத் தோன்றவில்லை. கோட்டு இஸ்திரி போட்டிருந்தது. போதும்.

ஃப்ரிம்போங் எஞ்சின்மேல் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். கம்ப்யூட்டரில் ஒரு கம்பியைச் சொருகினார். ஜீப்புக்கு வயது இருபத்தாறு, அதில் கம்ப்யூட்டரோடு பேசக்கூடிய எந்த உறுப்பும் கிடையாது. இருந்தாலும் நான்கு பக்க அறிக்கை அச்சாகி வந்தது.

"எஞ்சின் தலைக்கு அடியில இருக்கற ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு, ஹானரபிள். இது இதய நோய். மூடின்னு எவன் சொன்னான்? தலைவலின்னு வந்தவனுக்குத் தொப்பிய மாத்தச் சொல்ற மாதிரி இருக்கு."

'ஹானரபிள்' என்ற சொல் டைரக்டரின் நெஞ்சுக்குள் இதமாக இறங்கியது. கழற்றுங்கள் என்று சொல்லிவிட்டார்.

மேகசினுக்கு வண்டி கொண்டுவருகிறவர்கள் செய்யும் ஒரு காரியம் உண்டு. வண்டி பக்கத்திலேயே பெஞ்சு போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். சாப்பாடு அங்கேயே, தொழுகை அங்கேயே, குட்டித் தூக்கமும் ஒரு கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு அங்கேயே. என்ன கழற்றுகிறார்கள், எதை மாட்டுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கடைநிலைத் தக்காளி வியாபாரிக்குக்கூட இது தெரியும்.

டைரக்டர் பெஞ்சில் உட்காரவில்லை. ஹானரபிள்களுக்கென்று ஏசி அறை ஒன்று இருந்தது. குளிர்ந்த மால்ட் பானம் கொண்டுவந்து கொடுத்தார்கள். தொலைக்காட்சியில் ஒரு போதகர் விசுவாசத்தைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தார். டைரக்டர் கேட்டுக்கொண்டே கண்ணயர்ந்தார்.

பன்னிரண்டரைக்கு வெளியே வந்தபோது ஜீப்பின் எஞ்சின் தலை ஒரு சாக்கின்மேல் கிடந்தது. போல்ட்டுகள் ஒரு தக்காளி விழுது டின்னில் கிடந்தன. ஃப்ரிம்போங் கேஸ்கெட் வாங்கப் போயிருப்பதாக வேலையாட்கள் சொன்னார்கள். எப்போது வருவார் என்று கேட்டதற்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் போகுவாவின் அழைப்பு வந்தது.

பிராகோவுக்கு வலி தொடங்கிவிட்டது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை. ஆம்புலன்சுக்குச் சொல்லிப் பார்த்தாயிற்று, அது ஒரு விபத்துக்குப் போயிருக்கிறது, சாயங்காலத்துக்கு முன்பு திரும்பாது. கொக்கோ லாரி கிட்டங்கியில் நிற்கிறது, ஒன்றரைக்குக் கிளம்புகிறது. மூட்டைகளின்மேல் மெத்தை போட்டு இவளைப் படுக்கவைத்துக் கொண்டுபோகலாம். ஆனால் அந்தக் குலுக்கலில் தையல் என்ன ஆகுமோ தெரியாது. ஜீப் வருவதாக இருந்தால் அதுதான் நல்லது. போகுவா நர்ஸ்களுக்கே உரிய ஏற்ற இறக்கமில்லாத குரலில் இதையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"வண்டி எந்த நிலைமையில இருக்குப்பா? நிஜத்தச் சொல்லுங்க."

டைரக்டர் சாக்கின்மேல் கிடந்ததைப் பார்த்தார். மகள் சொன்ன ஆளிடம் போனேன், நம்பவில்லை, வெள்ளைக் கோட்டைப் பார்த்து மயங்கினேன் என்று சொல்ல வேண்டும். வாய் திறந்தது. அது பழக்கப்பட்ட வழியிலேயே போயிற்று.

"ரெடி ஆயிடுச்சும்மா. இதோ கிளம்பிட்டேன். ஒரு மணி நேரத்துல அங்க இருப்பேன்."

ஃப்ரிம்போங் பத்து நிமிடத்தில் வந்துவிடுவார், நான்கு பேர் சேர்ந்தால் அரை மணியில் மாட்டிவிடலாம் என்று அவர் நிஜமாகவே நினைத்தார். கெட்ட எண்ணத்தோடு சொல்லும் பொய்யை மனிதன் நாள் முழுக்க ஒன்று இரண்டுதான் சொல்கிறான். மற்றதெல்லாம் இந்த வகை.

* * *

அபொன்டெமில் லாரி டிரைவர் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தார். நல்ல மனிதர். பாதி மூட்டையை இறக்கிவைத்துவிட்டே வருகிறேன் என்றார்.

அம்போன்சாவின் மனைவி டுஃபி மெத்தையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். லாரியில் ஏற்றிவிடலாம் என்பது அவள் முடிவு.

"அப்பா ஒரு மணி நேரத்துல வந்துடறேன்னு சொல்லிட்டாரும்மா," என்றாள் போகுவா.

"நாப்பது வருஷமா நான் பாக்காத ஒரு மணி நேரமாடி அது?"

போகுவா பிராகோவின் அடிவயிற்றில் பழைய தழும்புக்கு மேலே விரல்களை வைத்துப் பார்த்தாள். பிராகோ அவளுடைய கண்களையே பார்த்தாள். நர்ஸின் முகத்தில் எதுவும் தெரியாது. நாத்தனாரின் முகத்தில் கொஞ்சம் தெரிந்தது.

லாரியில் இரண்டு மணி நேரம், பள்ளம் பள்ளமாக. ஜீப்பில் சீட்டு, சாய்மானம், ஒன்றேகால் மணி நேரம். படித்த படிப்பு ஜீப் என்றது. அப்பா என்னதான் ஆடம்பரப் பேர்வழியாக இருந்தாலும் இந்த விஷயத்தில் பொய் சொல்லமாட்டார் என்று வளர்ப்பு சொன்னது. அவள் லாரியை அனுப்பிவிட்டாள்.

லாரி தெருமுனையில் திரும்பி மறைவதைப் பிராகோ ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அடுத்த வலி வந்தது. எட்டு நிமிடம்.

இரண்டு மணிக்குள் வலியின் இடைவெளி ஆறு நிமிடமாயிற்று. அப்பாவின் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

* * *

எடுக்கக்கூடிய நிலையில் அவர் இல்லை. ஃப்ரிம்போங்கின் ஃபோன் அணைந்துகிடந்தது. டைரக்டர் பெரிய சாலைக்கு ஓடி டாக்சி டாக்சியாக நிறுத்தினார். ஒருவர் அபொன்டெம் என்ற பெயரைக் கேட்டதும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். இன்னொருவர், நேற்று ராத்திரி பெய்த மழைக்கு அப்புறம் அங்கே போனால் என் பம்பர் அங்கேயே குடியிருக்கும் என்றார். மூன்றாமவர் சிரித்தார்.

பளபளவென்று துடைத்த ஷூவோடு எண்ணெய்ச் சேற்றில் இறங்கி அவர் வேப்பமரத்தடிக்கு வந்து சேர்ந்தார். அடோப்ரா கென்கி என்னும் புளித்த சோளமாவு உருண்டையும் பொரித்த மீனும் மிளகாய்ச் சட்னியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டைரக்டர் தொண்டையைச் செருமினார். 'காலையில் நமக்குள் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டை' என்று ஆரம்பித்தார். வாக்கியம் முடியவில்லை.

"என் மருமக செத்துப்போயிடுவா," என்றார்.

அடோப்ரா கையைக் கழுவினார். என்ன நடந்தது என்று கேட்டார். கேட்டு முடித்ததும், கழற்றிய தலையை இன்றைக்கு மாட்ட முடியாது, யார் வந்தாலும் முடியாது என்றார். சொன்னேனே என்று சொல்லவில்லை.

மரத்துக்குப் பின்னால் உயரமான ஒரு பிக்-அப் வண்டி நின்றது. பச்சை நிறம், சேற்றுக்கு ஏற்ற டயர்கள், சாவி அதிலேயே. டைரக்டரின் கண் அங்கே போனதை அடோப்ரா பார்த்தார்.

"அது வெங்காய மண்டி அம்மா ஹஜியா ராமாட்டுவோட வண்டி. வெங்காயம் ஏத்தறது. வேலை முடிஞ்சிடுச்சு, சாயங்காலம் வந்து எடுத்துப்பாங்க."

மேகசின் ஃபிட்டர்களைப் பற்றி ஊரே சொல்லும் புகார் ஒன்று உண்டு. வாடிக்கையாளரின் வண்டியை 'டெஸ்ட்' என்று சொல்லி எடுத்துக்கொண்டு சாவு வீட்டுக்கும் சர்ச்சுக்கும் பெண் பார்க்கவும் போய்வருவார்கள். டைரக்டரே இதைக் கண்டித்துப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். 'நம்பிக்கைத் துரோகம்' என்ற சொல் அதில் மூன்று முறை வரும்.

"ஒரு டெஸ்ட் மாதிரி..." என்றார் டைரக்டர்.

"பதினாறு வருஷமா யாரோட வண்டியையும் நான் அந்தத் தெருமுனையத் தாண்டி எடுத்துட்டுப் போனதில்ல டாடி. எனக்குப் பலகை கிடையாது, ஏசி கிடையாது. அந்த ஒண்ணுக்காகத்தான் இந்த மரத்தடிக்கு ஆளுங்க வர்றாங்க."

அவர் ஹஜியாவுக்கு ஃபோன் செய்தார். வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்திருக்கும், ஆனால் வெங்காய மண்டியின் இரைச்சலில் ஃபோன் எங்கே கேட்கும்? மூன்று முறை முயன்றார். பிறகு பிக்-அப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். டைரக்டருக்கு மூச்சு வாங்கியது. உரையாற்ற ஒன்றும் கைவசம் இல்லை.

"நான் போறேன்," என்றார் அடோப்ரா. "எனக்கு வழி தெரியும். ஆனா நீங்க வரக்கூடாது. இந்தப் பெஞ்சுலதான் இருக்கணும். ஹஜியா வந்தா டெஸ்டுக்குப் போயிருக்குன்னு சொல்லக்கூடாது. அடோப்ரா கேக்காம எடுத்துட்டுப் போயிட்டான், எனக்காக எடுத்துட்டுப் போனான்னு சொல்லணும். அதுக்கு முன்னாடி பொண்ணுக்கு ஃபோன் போட்டு நிஜத்தச் சொல்லுங்க. நான் போறப்ப அவங்க தயாரா நிக்கணும்."

டைரக்டர் எண்ணை அழுத்தினார். எஞ்சின் கழற்றிக் கிடக்கிறது, அப்போதே கிடந்தது, நான் கிளம்பவே இல்லை என்று சொன்னார். மறுபக்கம் பிராகோவின் முனகல் கேட்டது.

"லாரி போயிடுச்சுப்பா," என்றாள் போகுவா.

"வேற வண்டி வருதும்மா. அடோப்ராவே கொண்டுவர்றாரு. ஒரு மணி நேரத்துல அங்க இருப்பாரு."

போகுவா இணைப்பைத் துண்டித்தாள். இந்த முறை அவர் சொன்னது அத்தனையும் உண்மை. காலக்கொடுமை, உண்மைக்கும் அவரிடம் அதே வார்த்தைகள்தான் இருந்தன.

பச்சை வண்டி முனையைத் தாண்டிப் போயிற்று.

* * *

மூன்றரைக்கு ஹஜியா ராமாட்டு வந்தாள். பெரிய உருவம், தோளில் வெங்காயத் தோல். வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறையைப் பார்த்தாள். பெஞ்சில் சஃபாரி சூட்டோடு ஒரு பெரியவர் இருப்பதைப் பார்த்தாள்.

டைரக்டர் எழுந்து நின்று சொன்னார். மூடியிலிருந்து தொடங்கினார். எதையும் விடவில்லை. ஏசி அறையையும் மால்ட்டையும்கூடச் சொன்னார். லாரியைப் பற்றிச் சொல்லும் இடத்தில் மட்டும் குரல் கொஞ்சம் உள்ளே போயிற்று.

ஹஜியா கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் உட்கார்ந்தாள். பெஞ்சு முனகியது. அந்தப் பெண்ணின் பெயரென்ன என்று கேட்டாள். எத்தனையாவது ஆபரேஷன், எத்தனை மாத இடைவெளி என்றும் கேட்டாள். பிள்ளை பெற்றவளின் கேள்விகள்.

"அடோப்ரா என்னைக் கேக்காம எடுத்தத நான் பொறுத்துக்குவேன். நீங்க அந்த லாரிய அனுப்பவெச்சீங்களே, அத யாரு பொறுத்துக்குவா?"

மழை தொடங்கியது. இருவரும் பக்கத்துப் பட்டறையின் தகரக் கூரைக்கு அடியில் ஒதுங்கினார்கள்.

நாலு மணிக்கு அடோப்ராவின் அழைப்பு வந்தது.

"டாடி, உங்க வீட்டு வாசல்ல நிக்கறேன். பூட்டியிருக்கு."

டைரக்டருக்குப் புரியவில்லை. சுகாதார நிலையத்தைப் பார்த்தாயா என்றார். அதுவும் பூட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி சொன்னாளாம்: உங்கள் ஃபோன் வந்து பத்து நிமிடத்தில் போகுவா மணல் அள்ளும் மூன்று சக்கர மோட்டார் வண்டியை இழுத்துவரச் சொல்லிவிட்டாள். பின்தொட்டியில் மெத்தையைப் போட்டார்கள். மாமியார் தலைமாட்டில், போகுவா கால்மாட்டில். கார் ஏதோ வருகிறதாமே, காத்திருக்கலாமே என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டிருக்கிறாள். இன்னொரு தடவை அவர் பேச்சைக் கேட்டு நிற்கமாட்டேன் என்று போகுவா சொன்னாளாம். அவ்வளவுதான், கிளம்பிவிட்டார்கள்.

"பெரிய ரோட்டுலதான் நான் வந்தேன். எதுக்க அப்படி ஒரு வண்டியும் வரல."

பெரிய ரோட்டில் இல்லையென்றால் வேறு ஒரே ஒரு வழிதான். கொக்கோத் தோப்புக்குள் இறங்கி, ஓடையைக் கடந்து போகும் குறுக்குப் பாதை. வெயில் காலத்தில் பாதி தூரம் மிச்சம். ஓடைக்குப் பாலம் உண்டா என்று கேட்டால், அடிக்கல் உண்டு. ஒன்பது வருடத்துக்கு முன்பு அதை நாட்டிய விழாவில் சிறப்புரை ஆற்றியவர் டைரக்டர் அம்போன்சா.

டைரக்டர் போகுவாவின் எண்ணை அழுத்தினார். தொடர்பு எல்லைக்கு வெளியே. டுஃபிக்கு அழுத்தினார். அதுவும் அப்படியே. சற்று நேரத்தில் அடோப்ரா மறுபடி அழைத்தபோது, ஹஜியாவும் கேட்கட்டும் என்று ஃபோனை ஒலிபெருக்கியில் போட்டார். மழைச் சத்தத்துக்கு மேலே அவர் குரல் கேட்டது.

"நான் ஓடைக்கிட்ட வந்துட்டேன் டாடி. தண்ணி செவப்பா ஓடுது. மூணு சக்கர டயர் தடம் உள்ள இறங்கியிருக்கு. அந்தப் பக்கம் ஏறியிருக்கான்னு இங்கிருந்து தெரியல. எவ்வளவு ஆழம் இருக்கும்? சொல்லுங்க. இது என் வண்டி இல்ல."

டைரக்டர் வாயைத் திறந்தார். ஆழம் தெரியாது. அவர் அந்த ஓடையில் ஒரு நாளும் கால் நனைத்ததில்லை. மேடையிலிருந்துதான் பார்த்திருக்கிறார்.

"எனக்குத் தெரியாது," என்றார்.

ஹஜியா ராமாட்டு அவர் கையிலிருந்து ஃபோனை வாங்கிக்கொண்டாள்.

"அடோப்ரா, நான்தான் பேசறேன். வண்டியப் பத்தி யோசிக்காத. தண்ணியில இறக்கு."

மறுபக்கம் எஞ்சின் ஒரு முறை உறுமியது. பிறகு தண்ணீரின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் அறுந்துவிட்டது.